உயிர் காலேஜுக்குப் போன மீன்

காசிமேட்டில் சொக்கம்மாளின் மீனைத் திருப்பிக் கொடுத்தவர் பதினெட்டு வருஷத்தில் ஒருவரும் கிடையாது. குறை சொன்னவர்கள் உண்டு, அவர்களை அவள் சும்மா விட்டதில்லை. ராயபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டம்மா சங்கராவின் செவுளைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள் என்பதற்காக அந்தத் தெருவிலேயே ஆறு மாதம் கூடையை இறக்காதவள் அவள். கொசுறு என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. "எம் மீனுக்குக் கொசுறு வேற கேக்குதா?" என்று விற்றதையும் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள்.

கொசுறுக்குப் பதில் அவளிடம் வேறொரு மரியாதை இருந்தது. தினமும் வாங்குகிற நல்ல வீடுகளுக்கு மட்டும், வாசற்படியிலேயே உட்கார்ந்து மீனை ஆய்ந்து கொடுப்பாள். செதில் போக்கி, தலையைக் கிள்ளி, குடல் எடுத்து, சாம்பல் போட்டு உரசிக் கழுவி, கடைசியில் உப்பும் மஞ்சளும் தடவி, அப்படியே சட்டியில் போடலாம் என்கிற பக்குவத்தில் தருவாள். அவள் ஆய்ந்த மீனில் ஒரு செதிலைக் கண்டுபிடித்தவர் இதுவரை பிறக்கவில்லை என்பது அவளே சொல்லிக்கொள்கிற பேச்சு. உண்மையும் அதுதான்.

அப்பேர்ப்பட்டவளின் கூடை ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஏலம் முடிந்து மணலில் கூட்டம் கலையாத நேரமாகப் பார்த்து, போனது போனபடியே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் பொன்னுரங்கம் மேஸ்திரி. மேலே மூடியிருந்த ஓலையை அவர் விலக்கவில்லை. விலக்க வேண்டிய அவசியமும் இல்லை, நேற்றுப் போன மீனுக்கு நாற்றமே போதுமான சாட்சி.

"தொடலம்மா. மூணு நாளா தொடல. நேத்து அந்தப் பெரிய பறவ ஒரு துண்டு மீன வாயில எடுத்துதாம். ஒடனே துப்பிட்டுத் தண்ணிக்குள்ள மூக்க வுட்டு வாயக் கழுவிக்கிச்சாம்" என்றார்.

மணலில் இருந்த அத்தனை பெண்களும் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். சொக்கம்மாளுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது.

பொன்னுரங்கம், பட்டணத்து மிருகக்காட்சிச் சாலைக்குக் கறியும் தீவனமும் போடுகிற காண்டிராக்டர். ஜனங்கள் வாயில் அதற்குப் பேர் உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருக்கிற இது உயிர் காலேஜ். இரண்டுக்கும் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் மெட்ராஸ்காரன் வைத்த பேர் வைத்ததுதான். தினம் மூட்டை மூட்டையாகக் கறியை வண்டியேற்றி அனுப்புகிற இந்த மனுஷருக்கு வீட்டில் முட்டைகூட ஆகாது. துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டுதான் காசிமேட்டுக்குள் காலையே வைப்பார். மீனில் தலை எது வால் எது என்று அவரிடம் கேட்டால், இரண்டில் எது கண்ணோடு இருக்கிறதோ அது தலை என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

விஷயம் இது. நெல்லூர்ப் பக்கத்து ஏரி ஒன்றிலிருந்து இரண்டு கூழைக்கடாப் பறவைகள் காலேஜுக்கு வந்திருந்தன. அவற்றுக்கு மீன் போட்டுக்கொண்டிருந்த பழைய ஆள் நாறின மீனாகப் போடுகிறான் என்று சூப்பிரண்டு அய்யா கோபித்துக்கொண்டதில், பொன்னுரங்கம் காசிமேட்டுக்கு வந்து நல்ல மீனுக்கு யார் என்று விசாரித்தார். விசாரித்த எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள். ஒரு வாரம் போட்டுப் பார்ப்பது, பறவைகள் தின்று தேறினால் நிரந்தரம் என்று பேச்சு. அன்றைக்குச் சொக்கம்மாளைக் கையில் பிடிக்க முடியவில்லை. "காலேஜுக்கு மீனு போடறவ நானு" என்று தண்டையார்ப்பேட்டை வரைக்கும் சொல்லி வைத்தாள்.

சொன்னதற்குத் தக்கபடி செய்யவும் செய்தாள். எண்ணூர்க் கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் மீனைப் பிடித்து உயிரோடு விழுங்குவதை அவள் சின்ன வயசிலிருந்து பார்த்தவள்தான். ஆனால் காட்டிலும் கழிமுகத்திலும் திரிகிற பறவை வேறு, சர்க்கார் பறவை வேறு அல்லவா? டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் வந்து பார்க்கிற பறவை. அதன் தொண்டையில் ஒரு முள் சிக்கி ஏதாவது ஆகிவிட்டால் காசிமேட்டுக்கே கெட்ட பேர். ஆகவே பெரிய வீட்டுக்கு ஆய்வதைவிட இரண்டு மடங்கு சிரத்தையாக ஆய்ந்தாள். முதுகுப் பக்கத்து முள்ளைக்கூட விரலால் தடவித் தடவி உருவினாள். வெயிலில் வண்டி போகிற தூரத்தை நினைத்து மஞ்சளையும் உப்பையும் கொஞ்சம் தாராளமாகவே தடவினாள்.

"என் மீனையா துப்பிச்சி?" என்றாள் இப்போது.

"நான் பொய்யா சொல்றேன்? அந்தப் பழைய ஆளு போட்ட அழுகல் மீனையே அடிச்சிப் புடிச்சித் துன்னுச்சி. உன் மீன வச்சா, ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிகினு ஒக்காந்துகீதுங்களாம்."

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சொக்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரித்தவள் யார் என்று தெரிந்து இன்னொரு சண்டை ஆரம்பித்திருக்கும்.

"இன்னிக்கிப் பார்ப்பேன். மத்தியானத்துக்குள்ள துன்னலேன்னா நாளைலேர்ந்து பழைய ஆளுதான். பறவ செத்துப் போச்சின்னா எவன் பதில் சொல்றது?" என்ற பொன்னுரங்கம், அன்றைக்கு ஆய்ந்து வைத்திருந்த புதுக் கூடையை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"ஏத்திகினு போ. நானும் வரேன். எம் மீன வேணாம்னு சொன்ன மூஞ்சிய நானே பாக்கணும்."

"பின்பக்கமா வந்து என் பேரச் சொல்லு."

"பின்பக்கம் எதுக்கு? காசு குடுத்து சீட்டு வாங்கி முன்பக்கமாவே வரேன்" என்றாள் சொக்கம்மாள்.

அவளோடு ஞானபாக்கியமும் கிளம்பினாள். ஞானபாக்கியம் ராயபுரம் மாதா கோயில்காரி, அடுத்த குப்பத்தில் வீடு, சொக்கம்மாளோடு கூடவே மீன் விற்று வளர்ந்தவள். இருவரும் மாதத்தில் பாதி நாள் பேசிக்கொள்வதில்லை, மீதி நாள் பேச்சை நிறுத்துவதில்லை. அன்று பேசுகிற நாள். அவள் வீட்டு வலை கிழிந்து இரண்டு நாளாகக் கட்டுமரம் கடலுக்குப் போகவில்லை, கூடை காலியாக இருந்தது.

"உயிர் காலேஜு நான் பாத்ததே இல்லடி சொக்கி. வெறுங்கூடைய எடுத்துகினு வந்தா நல்லாவா கீது? வால்டாக்ஸ் ரோட்டுல நாலு வூடு பழக்கம்..." என்று இழுத்தாள்.

சொக்கம்மாள் தன் குவியலில் மிச்சமிருந்த காணாங்கத்தையில் ஒரு டஜனை அள்ளி அவள் கூடையில் போட்டாள். காலேஜுக்குப் போன அதே ஏலத்து மீன்தான். ஆயவில்லை, கழுவக்கூட இல்லை, வாலில் மணல் ஒட்டியிருந்தது. சிநேகிதிக்கு யாராவது மீனை ஆய்ந்து கொடுப்பார்களா? அவளுக்குக் கை இல்லையா?

மீன் கூடையோடு டிராமில் ஏற விடமாட்டார்கள். ஆகவே நடைதான். கல்மண்டபம் தாண்டி, பழைய ஜெயில் ரோட்டைப் பிடித்து, வால்டாக்ஸ் ரோட்டில் திரும்பினார்கள். நாலு வீடு பழக்கம் என்று சொன்ன ஞானபாக்கியத்தை ஒரு வீட்டிலும் நிற்க விடவில்லை சொக்கம்மாள். "திரும்பி வரச்சொல்ல வித்துக்கலாம், வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். சென்ட்ரல் ஸ்டேஷன் கடிகாரம் பத்தடித்தபோது மூர் மார்க்கெட்டின் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு காலேஜ் வாசலில் நின்றார்கள்.

சீட்டுக் கொடுக்கிறவர் கூடையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். சொக்கம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "இன்னா பாக்கற? உங்க கூழக்கடாவுக்குச் சாப்பாடு போடறவ நானு. ரெண்டு சீட்டு குடு." அந்தத் தோரணைக்கு அவர் உடனே இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சூப்பிரண்டு அய்யாவிடமே இப்படிப் பேசுகிறவளாக இருக்கும் என்று நினைத்திருப்பார், பாவம்.

நேரே பறவைகளிடம் போய் அவற்றை ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் அவள் உள்ளே நுழைந்தாள். நுழைந்து பத்தடி வைப்பதற்குள் சிங்கம் ஒரு குரல் கொடுத்தது. கூண்டு இன்னும் கண்ணில் படவே இல்லை. ஆனால் காலடியில் மண் அதிர்ந்து அந்த அதிர்வு அவள் வயிறு வரைக்கும் ஏறியது. கடல் கொந்தளிக்கிற மழைக்காலத்திலும் இப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை. ஞானபாக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்துட்டே போலாம்டி" என்றாள்.

"பாத்துட்டே போலாம்" என்றாள் சொக்கம்மாளும்.

சிங்கம் முன்கால்களை நீட்டிப் போட்டுப் படுத்திருந்தது. கோயில் வாகனத்துச் சிங்கத்துக்குக் கண் பிதுங்கி, நாக்கு வெளியே தொங்கி, பார்த்தால் பல் வலிக்காரன் மாதிரி இருக்கும். இது அப்படியில்லை. யாரையும் லட்சியம் பண்ணாமல், எல்லாருக்கும் மேலே எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொக்கம்மாளுக்கு அதைப் பிடித்துவிட்டது. பேரம் பேசாத பிறவி என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இது இன்னா துன்னும் நைனா?" என்று கூண்டுக்காரனைக் கேட்டாள்.

"மாட்டுக்கறி. எலும்போட. வாரத்துல ஒரு நாளு பட்டினி, வயித்துக்கு நல்லதுன்னு."

"பாத்தியாடி, சிங்கம்கூட ஒருசந்தி இருக்குது. நீ இருந்துகீறியா?" என்று ஞானபாக்கியம் இடித்தாள்.

அதற்கப்புறம் எந்தக் கூண்டுக்கு முன்னால் நின்றாலும் சொக்கம்மாள் கேட்டது அந்த ஒரு கேள்விதான். மற்றவர்கள் உயரம் பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், குரங்குக்குக் கடலை வீசிச் சிரிப்பார்கள். அவளுக்கு இது இன்னா துன்னும் என்று தெரிந்தாக வேண்டும். கரடிக்குக் கேழ்வரகுக் களி, உருண்டை பிடித்து. யானைக்குத் தழையும் கரும்பும் வெல்லம் கலந்த சோறும். மலைப்பாம்புக்குப் பத்து நாளுக்கு ஒரு கோழி, அதுவும் அது மனசு வைத்தால். நெருப்புக்கோழி கீரை தின்னும், நடுநடுவே கூழாங்கல்லும் தின்னும் என்று கேட்டபோது கூண்டுக்காரன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். அது அவள் கண்ணெதிரிலேயே ஒரு கல்லைப் பொறுக்கி விழுங்கியது. நீளக் கழுத்தில் அந்தக் கல் இறங்குகிற இடமெல்லாம் வெளியே தெரிந்தது.

புலிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அது கம்பியோரமாக இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் தோலுக்கடியில் தோள் உருண்டது. அழகென்றால் அழகு, கண்ணைப் பறிக்கிற அழகு. இப்படி ஒன்றைப் படைத்தவன் அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள்.

அதையெல்லாம்விட அவளை அசரடித்தது வேறொன்று. இத்தனை வாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி. ஒன்றுக்குப் பச்சையாக, ஒன்றுக்கு வேகவைத்து, ஒன்றுக்கு விடியலில், ஒன்றுக்கு இருட்டினபின். ஒன்றினுடையதை இன்னொன்றுக்கு மாற்றிப் போடாமல், தினம் தினம், வருஷக் கணக்காக யாரோ கொண்டுவந்து வேளை தவறாமல் போடுகிறார்கள். நாற்பது வீட்டுக்கு மீன் போடுகிறவளுக்கே எந்த வீட்டில் எந்தக் கிழமை விரதம் என்று நினைவு வைத்துக்கொள்ள மண்டை காய்ந்து போகிறது. இங்கே பேசத் தெரியாத நாற்பது சாதிக்கு எப்படித் தெரிந்து போடுகிறார்கள்? அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இந்த இடத்துக்கு மீன் போடுகிறவள் என்று சொல்லிக்கொள்வது சும்மா ஜம்பத்துக்கு அல்ல, பெருமைப்பட வேண்டிய காரியம் என்று இப்போதுதான் உறைத்தது. ஆனால் அந்தப் பெருமை மத்தியானத்தோடு போகப்போகிறது.

"வாடி, அங்க போலாம்" என்றாள், குரல் இறங்கி.

பறவைக் குளம் மரங்களுக்கு நடுவே இருந்தது. கரையில் கூழைக்கடாக்கள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. எண்ணூரில் அவள் பார்த்ததெல்லாம் தூரத்தில், தண்ணீருக்கு மேலே சாம்பலாகப் போகிற கூட்டம். கிட்டத்தில் அவை இவ்வளவு பெரியவை என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து நின்றால் அவள் இடுப்புக்கு வரும். ஒரு முழ நீளத்துக்கு அலகு, ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாக நீலம், கீழே அவள் இடுப்பில் செருகியிருக்கிற சுருக்குப் பை மாதிரி தொங்குகிற தோல். கண்ணைச் சுற்றி மஞ்சள். பெரியது அவளை ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. சின்னது பார்க்கவேயில்லை, அலகை மார்பில் புதைத்துக்கொண்டு சோர்ந்து கிடந்தது. ஒரு கை பார்க்க வந்தவளுக்கு அதைக் கண்டதும் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மூணு நாளு பட்டினி. எம் மீனால" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

பறவைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் குந்தியிருந்தார். நரைத்த தாடி, காக்கிச் சட்டை, தலையில் குல்லா. அவருக்கு முன்னால் சொக்கம்மாளின் கூடை திறந்திருந்தது. ஒரு துண்டு மீனை எடுத்து முகர்ந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவி, விரலில் ஒட்டின மஞ்சளைப் பார்த்தார். பிறகு பின்னால் துண்டும் மூக்குமாக நின்றிருந்த பொன்னுரங்கத்தைப் பார்த்துக் கேட்டார்:

"மேஸ்திரி, இது யாரு வூட்டுக் கொழம்புக்கு?"

"பறவைக்குத்தான் பாய்."

"மூணு நாளா இத்தயா போட்டுகினு இருந்தீங்க?"

அவர் பேர் சௌக்கத் அலி. வண்ணாரப்பேட்டைக்காரர், காலேஜில் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறவர். நாலு நாளாக நாகூர் கந்தூரிக்குப் போயிருந்து அன்று காலையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் இல்லாதபோது கரடிப் பக்கத்து ஆள் ஒருவன் வந்து கூடையைக் கரையில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். களி உருட்டுகிற கை, அவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்.

சொக்கம்மாளால் பொறுக்க முடியவில்லை. "எம் மீனுல இன்னா குத்தம்? ஒரு முள்ளு காட்டு பாய், ஒரு செதிலு காட்டு பாப்பம்!"

சௌக்கத் அலி நிமிர்ந்து பார்த்தார். கோபமாக ஏதோ சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

"அதாம்மா குத்தம். இப்படி ஒரு கையி நான் பாத்ததில்ல. எங்க வூட்ல பாத்தாங்கன்னா உன்ன வுட மாட்டாங்க. ஆனா இதுக்குத் தலை எங்க? வாலு எங்க? அதுங்க தலைப்பக்கமாதான் முழுங்கும். தலை இல்லேன்னா அதுங்களுக்கு இது மீனே இல்ல. மேல உப்பு, மஞ்சா வேற."

"முள்ளு குத்துமேன்னு..."

"முள்ளோடதான் அதுங்களுக்குச் சாப்பாடு. முழு மீனு கீதா?"

சௌக்கத் அலியின் பார்வை ஞானபாக்கியத்தின் கூடை மேல் விழுந்தது. அவள் கேட்காமலேயே ஈரத் துணியை விலக்கினாள். காணாங்கத்தை பன்னிரண்டும் கண்ணைத் திறந்தபடி, வாலில் மணலோடு, காலையில் சொக்கம்மாள் அள்ளிப் போட்டது போலவே கிடந்தன.

சௌக்கத் அலி ஒன்றை வாலைப் பிடித்து எடுத்தார். சின்னதன் பக்கம் போய், வாயால் டொக் டொக்கென்று ஒரு சத்தம் கொடுத்து, மீனை ஒரு ஆட்டு ஆட்டினார். அது அலகை மார்பிலிருந்து எடுத்தது. இன்னொரு ஆட்டு. கண் மீன் மேல் நின்றது. அவர் வீசினார். அந்தச் சோர்ந்த பிறவிக்கு அந்தக் கழுத்து எங்கே இருந்து வந்ததோ, எட்டிப் பிடித்தது. பை விரிந்தது, மீன் உள்ளே புரண்டு தலைப்பக்கம் திரும்பியது, அலகு வானத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். கழுத்தில் ஒரு வீக்கம் கீழே இறங்கிப் போயிற்று.

"மாதாவே!" என்றாள் ஞானபாக்கியம்.

பெரியது அதற்குள் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடி வந்தது. அதற்கு ஒன்று, இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று. வேடிக்கை பார்க்க வந்த ஜனம் கூடிவிட்டது. சொக்கம்மாள் கையிரண்டையும் மார்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷமாக மீன் விற்றவள், ஒருத்தர் சாப்பிடுவதை நின்று பார்த்தது கிடையாது. கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவதுதான் அவளுக்கு வழக்கம். மீன் ஒன்று வயிற்றுக்குள் போவதை, அதனால் ஒரு கண்ணில் உயிர் திரும்புவதை இப்போதுதான் பார்க்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பத்து மீன் போனதும் சௌக்கத் அலி கையை உதறினார். "போதும். காஞ்ச வயிறு, சாயங்காலம் பாத்துக்கலாம்."

பொன்னுரங்கம் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். வேலை ஆயிற்று என்கிற நிம்மதி அவர் முகத்தில். அவர் திரும்பியது ஞானபாக்கியத்தின் பக்கம்.

"யார் மீனும்மா இது? உன்னுதா? அப்ப நாளைலேர்ந்து நீயே போட்டுடேன்."

அது என் மீன் என்று சொக்கம்மாள் எப்படிச் சொல்வாள்? கூடை ஞானபாக்கியத்தினுடையதாயிற்றே. தவறினது என் கை, மீன் அல்ல என்று சொன்னால், இத்தனை ஜனத்துக்கு முன்னால் யார் நம்புவார்கள்? பொறாமையில் உளறுகிறாள் என்பார்கள். ஞானபாக்கியத்துக்கு நாலு பிள்ளைகள், கிழிந்த வலை, இரண்டு நாளாகக் காலிக் கூடை. அவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது என்று சொக்கம்மாளுக்கே தெரிந்தது. ஏசுவதற்கு ஆள் இல்லாத துக்கம் அவளுக்குப் புதிது.

ஞானபாக்கியம் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். அவசரமே படவில்லை. பறவையைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், சொக்கம்மாளைப் பார்த்தாள்.

"எங்க வூட்டு வல கிழிஞ்சி ரெண்டு நாளாவுது மேஸ்திரி. எனுக்கேது மீனு? இது இவுளுது. உங்க காலேஜு பெரிய எடமாச்சேன்னு ஆஞ்சி ஆஞ்சி குடுத்தா. எனுக்கு மண்ணோட அள்ளிப் போட்டா. பறவைக்கு எனுக்குப் போட்டதுதான் புடிச்சிகீது."

சௌக்கத் அலி விழுந்து விழுந்து சிரித்தார். பொன்னுரங்கம் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்ப நாளைலேர்ந்து மண்ணோடவே அனுப்பும்மா" என்றார் சொக்கம்மாளிடம்.

"அருவாமனைய எடுக்கவே மாட்டேன்" என்றாள் அவள். ஞானபாக்கியத்தின் கையைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். பிடித்த பிடியில் அவள் வளையல் நெளிந்துவிட்டது.

"வுடுடி, கையி வலிக்குது" என்றாள் ஞானபாக்கியம்.

அப்போது பெரிய கூழைக்கடா தத்தித் தத்திக் கரையேறி வந்தது. சௌக்கத் அலியைத் தாண்டி, பொன்னுரங்கத்தைத் தாண்டி, நேரே சொக்கம்மாளுக்கு முன்னால் வந்து நின்றது. அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்து, அந்த முழ நீள அலகை மெல்லத் திறந்தது. உள்ளே பை வெறுமையாக விரிந்தது.

"கேக்குது பாரும்மா" என்றார் சௌக்கத் அலி. "சரி, ஒண்ணே ஒண்ணு போடு."

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் எத்தனையோ வாய்கள் இதே போல அவளிடம் கேட்டிருக்கின்றன. டாக்டர் வீட்டம்மா கேட்டிருக்கிறாள், பிள்ளைத்தாய்ச்சிகள் கேட்டிருக்கிறார்கள், சொந்த நாத்தனார் கேட்டிருக்கிறாள். ஒருவருக்கும் அவள் கை நீண்டதில்லை. சொக்கம்மாள் குனிந்து, கூடையில் மிச்சமிருந்த இரண்டில் பெரியதை வாலைப் பிடித்து எடுத்தாள்.

"இந்தா. கொசுறு" என்று வீசினாள்.

ஞானபாக்கியம் வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! இத்தன வருஷத்துல நம்ம ஊருல ஒருத்திக்காவது குடுத்துகீறியாடி?"

சொக்கம்மாள் அதற்குள் கடைசி மீனையும் எடுத்துக்கொண்டு, "இரு இரு, உனுக்கும் கீது" என்று சின்னதைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.